ஈசன் வீற்றிருக்கும் வெண்ணாவல் நிழல்

ஆனி பிறந்து ஆடி முடியும் வரை வில்லியனூர், பாகூர் வட்டாரத்துச் சாலையோரங்களில் கூடை கூடையாக நாவற்பழம் வந்து இறங்குவதைக் காணலாம். கருநீல நிறத்தில் பளபளக்கும் அந்தப் பழத்தைச் சிறிது உப்பிட்டுக் குலுக்கிக் கொடுப்பார்கள். உண்டவர் மறைக்க நினைத்தாலும் நாவின் நிறம் காட்டிக் கொடுத்துவிடும். பேரப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்டிச் சிரிப்பதும், பாட்டிமார் அதைக் கண்டு தம் சிறுவயதை எண்ணி மகிழ்வதும் அந்தப் பருவத்துக்கே உரிய காட்சிகள்.

பழம் கூடையில் வருகிறது. மரம் எங்கே நிற்கிறது? அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன் கரிக்கலாம்பாக்கம் போன்ற வயல்சூழ் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வியப்பைத் தரும். குளக்கரையில் நின்றது, ஓடைக்கரையில் நின்றது, ஐயனார் கோயில் திடலில் நின்றது என்று அவர்கள் விரல்விட்டு எண்ணுவார்கள். இன்று அந்த மரங்களுள் எத்தனை எஞ்சியுள்ளன என்பதை அவரவர் ஊரில் ஒருமுறை நடந்து பார்த்தாலே தெரிந்துவிடும். பஞ்சபூதத் தலங்களுள் ஒன்றில் எம்பெருமானுக்கே குடையாக நிற்கும் மரம் இது. அதன் பெருமையையும், அதற்கு அடியார்கள் ஆற்ற வேண்டிய கடமையையும் எண்ணிப் பார்ப்பது தகும்.

சங்கற்பத்தில் ஒலிக்கும் மரம்

வீட்டில் நடைபெறும் பூசையாயினும், கோயிலில் நடைபெறும் அர்ச்சனையாயினும், தொடக்கத்தில் சங்கற்பம் செய்துகொள்வது மரபு. காலத்தையும் இடத்தையும் சொல்லி, இன்னார் இன்ன பயன் கருதி இந்தப் பூசையைச் செய்கிறார் என்று இறைவன் திருமுன் அறிவிப்பதே சங்கற்பம். அதில் இடத்தைக் குறிக்கும்போது முதலில் வருவது 'ஜம்பூத்வீபம்' என்னும் பெயர். ஜம்பு என்பது நாவல். த்வீபம் என்பது தீவு. தமிழில் இதனையே நாவலந்தீவு என்றனர். நாள்தோறும் அர்ச்சனைச் சீட்டு வாங்கிக் குருக்களிடம் பெயரும் நட்சத்திரமும் சொல்லும் அன்பர்கள் பலர், தம் பெயருக்கு முன்பே நாவல் மரத்தின் பெயர் சொல்லப்படுகிறது என்பதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

மேரு மலையின் தென்புறத்தில் மாபெரும் நாவல் மரம் ஒன்று நிற்கிறது என்றும், யானை அளவினவான அதன் கனிகள் மலைச்சரிவில் விழுந்து சிதற, அந்தச் சாறே ஜம்பு நதியாகப் பெருகுகிறது என்றும் புராணங்கள் கூறும். அந்நதியின் கரை மண் சாற்றில் ஊறிக் காற்றிலும் வெயிலிலும் உலர்ந்து பொன்னாகிறது. அந்தப் பொன்னுக்குச் சாம்பூநதம் என்று பெயர். பொன்னின் நால்வகையுள் ஒன்றாகச் சாம்பூநதத்தைச் சிலப்பதிகாரமும் குறிப்பிடுகிறது. மௌரியப் பேரரசர் அசோகர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் பொறித்த கல்வெட்டுகளிலும் இந்த நாட்டுக்கு ஜம்பூத்வீபம் என்னும் பெயரே வழங்கப்பட்டுள்ளது. பரந்த ஒரு நிலப்பரப்பு முழுவதையும் ஒரு மரத்தின் பெயரால் அழைத்த பெருமை நாவலுக்கு உரியது.

திருவானைக்காவின் வெண்ணாவல்

திருச்சிராப்பள்ளிக்கு அருகே, காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அணைத்துச் செல்லும் தீவில், திருவரங்கத்துக்கு அண்மையில் அமைந்துள்ளது திருவானைக்கா. பஞ்சபூதத் தலங்களுள் இது நீருக்கு உரியது. அப்புத் தலம் என்பர். சுவாமி ஜம்புகேஸ்வரர், அம்பாள் அகிலாண்டேஸ்வரி. சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகிய மூவராலும் பாடப்பெற்ற தலம். ஐந்து திருச்சுற்றுகளுடன் விரிந்து கிடக்கும் இத்திருக்கோயிலில், கருவறையை அடுத்து மேடை மீது தழைத்து நிற்கிறது தலமரமான வெண்ணாவல். பொதுவாக நாவற்கனி கருநீலமாக இருக்க, இது வெண்மை தோய்ந்த கனியைத் தருவதால் வெண்ணாவல் எனப்பட்டது.

ஜம்புகேஸ்வரர் என்னும் திருநாமமே மரத்தால் அமைந்தது. காஞ்சியில் ஒற்றை மாமரத்தின் அடியில் எழுந்தருளியவர் ஏகாம்பரேஸ்வரர் ஆனார். இங்கே நாவலின் அடியில் எழுந்தருளியவர் ஜம்புகேஸ்வரர் ஆனார். தில்லை மரக்காடு தில்லைக்கும், கடம்பவனம் மதுரைக்கும், ஆலங்காடு திருவாலங்காட்டுக்கும் பெயர் தந்தன. கல்லால் கருவறை எழுவதற்கு முன் மரநிழலே கருவறையாக இருந்தது. கோயில் பின்னர் வந்தது. தலமரத்தை வலம் வரும் வழக்கத்தின் உட்பொருள் இதுவே. அந்த மரம் கோயிலுக்கு மூத்தது.

தலபுராணம் கூறும் வரலாறு சுவையானது. முனிவர் ஒருவர் தமக்குக் கிடைத்த தெய்வத்தன்மை வாய்ந்த நாவற்கனியைத் தாம் உண்ண மனமின்றிக் கயிலைக்கு எடுத்துச் சென்று ஈசனிடம் அளித்தார். பெருமான் கனியை உண்டு விதையை உமிழ்ந்தார். எச்சில் என்று எண்ணாமல், இறைவன் அருளிய பிரசாதம் எனக் கருதி முனிவர் அந்த விதையை விழுங்கிவிட்டார். அது அவர் உடலுக்குள்ளேயே முளைத்து, சிரத்தைப் பிளந்துகொண்டு மரமாக எழுந்தது. ஈசனின் ஆணைப்படி அவர் திருவானைக்காவுக்கு வந்து மரமாகவே நிலைபெற்றார். அந்த நிழலில் பெருமான் இலிங்கத் திருமேனியாக எழுந்தருளினார். ஜம்பு முனிவர் என்று அவருக்குப் பெயர் வந்தது. இத்தலத்தின் பெருமைகளைக் கச்சியப்ப முனிவர் திருவானைக்காப் புராணமாகப் பாடியுள்ளார்.

கனி இறைவனுக்கு, விதை தனக்கு என்று ஏற்றுக்கொண்டார் முனிவர். கனியை விரும்பி உண்பவர் பலர். விதையை மதித்து ஏற்பவர் சிலர். இந்த வரலாற்றின் நுட்பமான செய்தி அந்த விதையில்தான் இருக்கிறது.

ஒரு சருகினால் விளைந்த வரலாறு

திருவானைக்கா என்றதும் யானையும் சிலந்தியும் நினைவுக்கு வரும். கயிலையில் சிவகணங்களாக இருந்த மாலியவான், புட்பதந்தன் ஆகிய இருவர், தம்முள் யார் தொண்டில் உயர்ந்தவர் என்று வாதிட்டு, ஒருவரையொருவர் சபித்துக்கொண்டு யானையாகவும் சிலந்தியாகவும் பிறந்தனர் என்பது புராணம்.

காவிரிக்கரை வனத்தில் வெண்ணாவலின் அடியில் இருந்த சிவலிங்கத்துக்கு யானை நாள்தோறும் துதிக்கையில் நீர் முகந்து வந்து திருமஞ்சனம் செய்து, மலர் தூவி வழிபட்டது. சிலந்தியோ, மரத்திலிருந்து சருகுகள் இறைவன் திருமேனி மீது விழுகின்றனவே என்று வருந்தி, மேலே வலையைப் பின்னி விதானம் அமைத்தது. யானையின் கண்ணுக்கு அந்த வலை தூய்மைக் குறைவாகத் தோன்றியது, அழித்துவிட்டு நீராட்டியது. சிலந்தி மீண்டும் பின்னியது. யானை மீண்டும் அழித்தது. பொறுக்க இயலாத சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, யானை துதிக்கையை நிலத்தில் அடித்துக்கொண்டு உயிர் நீத்தது, சிலந்தியும் மாண்டது.

அந்தச் சிலந்தியே சோழர் குலத்தில் சுபதேவனுக்கும் கமலவதிக்கும் மகனாகப் பிறந்தது என்று பெரியபுராணம் கூறுகிறது. சிறிது நேரம் தாழ்த்துப் பிறந்தால் பிள்ளை உலகாளும் என்று சோதிடர் சொல்ல, அந்த நாழிகை வரும் வரை மகப்பேற்றைத் தாங்கிக்கொண்டாள் அந்தத் தாய். தாழ்த்துப் பிறந்ததால் குழந்தையின் கண்கள் சிவந்திருந்தன. கோச்செங்கட் சோழன் என்று பெயர் பெற்ற அம்மன்னன், யானை ஏற இயலாதவாறு உயர்ந்த மாடக்கோயில்களைக் கட்டினான். சிவபெருமானுக்கு எழுபது மாடங்கள் எடுத்தவன் என்று வைணவப் பெரியாராகிய திருமங்கையாழ்வாரும் அவனைப் போற்றியுள்ளார். அறுபத்துமூவரில் ஒருவராக, கோச்செங்கட் சோழ நாயனாராக அவர் இன்றும் திருச்சுற்றில் கைகூப்பி நிற்கிறார்.

இந்த வரலாற்றைச் சொல்லும்போது யானையையும் சிலந்தியையும் பேசி முடித்துவிடுவது வழக்கம். மரத்தையும் சற்றுக் கவனிக்க வேண்டும். நாவல் ஆண்டு முழுதும் பச்சைப்பசேலென நிற்கும் மரம். அரச மரம் போல ஒரே சமயத்தில் இலையை உதிர்த்து மொட்டையாக நிற்பதில்லை. முதிர்ந்த இலைகளைச் சிறுகச் சிறுகவும், பனி விலகும் பருவத்தில் சற்று மிகுதியாகவும் உதிர்த்துக்கொண்டே, செம்பு நிறத் தளிர்களைத் துளிர்க்கும். ஆகவே அதன் அடியில் ஏதேனும் ஒரு சருகு விழுந்துகொண்டே இருக்கும். சிலந்திக்கு ஓய்வே கிடைத்திருக்காது. ஒரு நாள் பின்னி முடித்துவிட்டோம் என்று அமர இயலாத தொண்டு அது. ஒரு சருகைத் தடுக்க நினைத்த சிறு உயிரின் பரிவு, சோழ நாட்டில் எழுபது மாடக்கோயில்களாக எழுந்தது.

நீரும் நாவலும்

அப்புத் தலத்துக்கு நாவல் தலமரமாக அமைந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. நாவல் நீரை நாடி வளரும் மரம். ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் செழிக்கும். வெள்ளம் சூழ்ந்து சில நாள்கள் நின்றாலும் தாங்கும். வெட்டிய பின்னும் அதன் கட்டை நீரில் எளிதில் மட்காது. கிணற்று வேலைக்கு நாவல் மரத்தை விரும்பிப் பயன்படுத்தியதன் காரணம் இதுவே.

அம்பிகை காவிரி நீரைத் திரட்டி இலிங்கமாக்கி வழிபட்டாள் என்பது இத்தல ஐதீகம். கருவறையில் இன்றும் நீர் கசிந்துகொண்டிருப்பதை அடியார்கள் கண்டு வணங்குகின்றனர். சுவாமி மேற்கு நோக்கியும் அம்பாள் கிழக்கு நோக்கியும் எழுந்தருளியுள்ளனர். ஒன்பது துளைகள் கொண்ட கற்சாளரத்தின் வழியே பெருமானைத் தரிசிப்பது இங்குள்ள தனிச்சிறப்பு. அம்பிகை மாணவியாக இருந்து ஈசனிடம் உபதேசம் பெற்ற தலமாதலால், இங்கே திருக்கல்யாண உற்சவம் நடைபெறுவதில்லை. உச்சிக்காலத்தில் அர்ச்சகர் அம்பாளைப் போலவே சேலை உடுத்து, கிரீடம் அணிந்து, மேளதாளத்துடன் சுவாமி சன்னிதிக்குச் சென்று பூசை செய்கிறார். அம்பிகையே நாள்தோறும் வந்து பூசிக்கிறாள் என்பது நம்பிக்கை. கோபூசையும் அப்போது நடைபெறுகிறது.

சோழ மன்னர் ஒருவர் காவிரியில் நீராடும்போது கழுத்து மணியாரம் நழுவி ஆற்றில் விழுந்தது. அதனை இறைவனே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் வேண்டினார். அபிஷேகத்துக்கு முகந்து வந்த திருமஞ்சனக் குடத்தில் அந்த ஆரம் வந்து, பெருமான் திருமுடியில் விழுந்தது. சுந்தரர் தம் பதிகத்தில் இந்நிகழ்ச்சியைப் பாடியுள்ளார். நீர் கொண்டு போனதை நீரே கொண்டு வந்து சேர்த்தது என்று பெரியோர் இதனைச் சொல்லி மகிழ்வர்.

நாவலூரும் சோலையும்

நடுநாட்டு அடியார்களுக்கு அருகிலேயே உள்ள நாவல் தலம் திருநாவலூர். இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், உளுந்தூர்ப்பேட்டைப் பகுதியில் உள்ளது. சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த ஊர் இது. சுவாமி பக்தஜனேஸ்வரர், தலமரம் நாவல். ஊருக்கே மரத்தின் பெயர். அந்த ஊரில் பிறந்ததனால் சுந்தரர் நாவலூரர் எனப்பட்டார். புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரே நாளில் சென்று தரிசித்துத் திரும்பலாம். முதியோர்க்கும் சிரமமில்லாத பயணம்.

முருகப்பெருமான் ஔவையாரிடம் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று கேட்ட திருவிளையாடலும் நாவல் மரத்தின் மீதுதான் நிகழ்ந்தது. மதுரை அழகர்மலை மீதுள்ள பழமுதிர்சோலையில் நாவலே தலமரம். கனிந்து விழுந்த பழத்தில் மண் ஒட்டிக்கொள்ள, அதை ஊதி உண்டார் பாட்டி. நன்கு கனிந்து தானே உதிரும் நாவற்பழமே இனிக்கும். பறித்த காய் துவர்க்கும். தானாக விழும் வரை காத்திருப்பவர்க்கே சுவை என்பதை மாடு மேய்க்கும் சிறுவன் வேடத்தில் வந்து குமரன் உணர்த்தினான். விநாயகப் பெருமானும் விளாங்கனியோடு நாவற்கனியை விரும்பி ஏற்பவர் என்று அவருடைய துதி கூறுகிறது.

சங்க காலத்துக் கடற்கரையிலும் நாவல் நின்றது. நற்றிணையில் அம்மூவனார் பாடிய 35ஆம் பாடலில் ஓர் அழகிய காட்சி வருகிறது. மணற்கரையில் உதிர்ந்து கிடக்கும் கரிய நாவற்கனியைத் தன் இனத்து வண்டு என்று கருதித் தும்பிகள் மொய்க்கின்றன. நண்டு ஒன்று வந்து அந்தக் கனியைப் பற்றுகிறது. இந்தக் காட்சி நிகழ்ந்த நெய்தல் நிலத்தின் தொடர்ச்சியே புதுச்சேரிக் கடற்கரை. நகரிலுள்ள நாவற்குளம் என்னும் பகுதி தன் பெயரிலேயே இம்மரத்தைத் தாங்கி நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் நாவற்குழி உள்ளது. மரம் மறைந்தாலும் பெயர் மறையாத ஊர்கள் தமிழர் வாழும் நிலமெங்கும் உண்டு.

மரத்தின் உறவினர்

தாவரவியல் அறிஞர்கள் நாவலை மிர்ட்டேசியே என்னும் குடும்பத்தில் வைக்கின்றனர். மழைக்காடுகளில் தழைத்த பெரிய குடும்பம் இது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உள்ளன. நாவலின் பேரினமாகிய சிசீஜியத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளிலும் சோலைக்காடுகளிலும் இவற்றுள் பல வளர்கின்றன. மலைக்காட்டில் இருப்பது போலவே சமவெளியிலும், கடலோரக் காட்டிலும் நாவல் வாழ்கிறது. புதுச்சேரிக்கு வடக்கே கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் காட்டில், காசா முதலிய மரங்களோடு நாவலும் உண்டு. அந்தக் காடு இன்றும் எஞ்சியிருப்பது ஐயனார் மீது ஊரார் வைத்துள்ள அச்சத்தாலும் அன்பாலும்.

இந்தக் குடும்பத்தின் பிற உறவினர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றனர். தாம்பூலத்தில் வைக்கும் கிராம்பு நாவலின் மிக நெருங்கிய உறவு. அதன் தாயகம் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். இப்போது கன்னியாகுமரி மலைப்பகுதியில் விளையும் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கொய்யாவும் இதே குடும்பம். சளி பிடித்தால் முகர்ந்து பார்க்கும் நீலகிரித் தைலத்தைத் தரும் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து 1843இல் நீலகிரிக்கு வந்தது. அதுவும் இதே குடும்பம்.

இவை அனைத்துக்கும் பொதுவான அடையாளம் ஒன்று உண்டு. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் நுண்ணிய புள்ளிகள் தெரியும். அவை மணமுள்ள எண்ணெய் தங்கும் சிறு அறைகள். இலையைக் கசக்கினால் வாசனை வருவது இதனால்தான். பங்குனி, சித்திரையில் நாவல் பூக்கும். விரியாத மொட்டைப் பார்த்தால் சிறிய பச்சைக் கிராம்பைப் போலவே இருக்கும். விரியும்போது இதழ்கள் தொப்பி போலக் கழன்று விழ, மகரந்தத் தாள்கள் வெண்சாமரம் போல விரிந்து நிற்கும். தேனீக்கள் அந்த நாள்களில் மரத்தை விட்டு அகலுவதில்லை. ஆனி, ஆடியில் கனி பழுத்ததும் குயிலும், கொண்டைக்குருவியும், இரவில் பழந்தின்னி வௌவாலும் வந்துவிடும். விதையை நெடுந்தொலைவு கொண்டு சென்று தூவுபவை இவையே.

நாவற்கொட்டைப் பொடியைச் சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்குப் பயன்படுத்துவது நெடுங்கால வழக்கம். எனினும் மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளும் அன்பர்கள் அதனை நிறுத்திவிட்டுப் பொடியை மட்டும் நம்புவது கூடாது. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டாலும் சர்க்கரை அளவு மிகவும் இறங்கிவிடக்கூடும். மருத்துவரிடம் கேட்டுச் செய்வதே நலம்.

சேமிக்க இயலாத விதை

நெல்லை ஓராண்டு குதிரில் வைத்து மறு ஆண்டு விதைக்கலாம். அவரையையும் பாகலையும் சாம்பலில் புரட்டி வைத்து அடுத்த பருவத்தில் ஊன்றலாம். நாவல் விதையை அவ்வாறு வைக்க இயலாது. அது ஈரம் உள்ள வரை உயிருள்ளது. உலர்ந்தால் உயிர் போய்விடும். பழத்திலிருந்து எடுத்த சில நாள்களுக்குள் மண்ணில் ஊன்றிவிட வேண்டும். இரண்டு, மூன்று வாரம் கடந்தால் முளைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். பெட்டகத்தில் பூட்டி வைத்து வட்டி சேர்க்கக்கூடிய செல்வம் இதுவன்று. கையில் வந்த அன்றே அறத்தில் செலவிட்டால் மட்டுமே பெருகும் செல்வம்.

அவ்வாறு ஊன்றிவிட்டால் அது தரும் பலன் பெரிது. ஒரே விதையிலிருந்து இரண்டு, மூன்று நாற்றுகள் கூட எழும். ஒன்றுக்கு மேற்பட்ட கரு ஒரே விதைக்குள் இருப்பதே காரணம். விதையிலிருந்து வந்த மரம் எட்டு முதல் பத்து ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கி, நூறாண்டு கடந்தும் நிற்கும். ஜம்பு முனிவர் விதையை நாளைக்கு என்று மடியில் முடிந்து வைக்கவில்லை. பெற்ற அந்த நொடியிலேயே தம்முள் ஏற்றார்.

எழுபது வயதில் நட்டு எப்போது பழம் உண்பது என்று சில பெரியவர்கள் கேட்பதுண்டு. அவர்கள் சிறுவயதில் பொறுக்கி உண்ட நாவற்பழத்தின் மரத்தை நட்டவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியாது. நட்டவர் பெயர் எந்தக் கல்லிலும் வெட்டப்படவில்லை. கோயிலுக்கு விளக்கு உபயம் செய்து அந்த விளக்கின் மீதே பெயரை எழுதி வைக்கும் இந்நாளில், பெயர் எழுத இடமில்லாத உபயம் ஒன்று உண்டென்றால் அது மரம்தான்.

நடும் முறை எளிது. நன்கு கனிந்த பழத்தின் சதையை நீரில் கழுவி, விதையை நிழலில் சிறிது ஈரம் வடிய விட்டு, அன்றோ மறுநாளோ மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்த பையில் ஒரு விரற்கணு ஆழத்தில் ஊன்ற வேண்டும். மண் உலராதபடி நீர் தெளித்து, அரை நிழலில் வைத்தால் சில வாரங்களில் முளைக்கும். பல முளைகள் வந்தால் வலுவான ஒன்றை விட்டு மற்றவற்றைப் பிரித்து வேறு பையில் வைக்கலாம். ஓராண்டு வளர்த்த கன்றை, அடுத்த ஆண்டு புரட்டாசி, ஐப்பசி மழையில் உரிய இடத்தில் நட்டால் வடகிழக்குப் பருவமழையே அதனைக் காப்பாற்றும். முதல் இரண்டு கோடைகள் மட்டும் நீர் ஊற்றி, ஆடு மாடு கடிக்காமல் வேலியிட வேண்டும். படர்ந்து வளரும் மரமாதலால் சுவருக்கும் கோபுரத்துக்கும் மின்கம்பிக்கும் தள்ளி, குளக்கரை, நந்தவனம், திடல் போன்ற இடங்களில் நடுவது நல்லது. கோயில் நிலமாயின் நிருவாகத்தினரிடமும், குளக்கரையாயின் உரிய அலுவலரிடமும் கேட்டுக்கொண்டே நட வேண்டும்.

தலமரத்துக்கு ஆற்றும் தொண்டு

புதிதாக நடுவது போலவே, இருப்பதைக் காப்பதும் தொண்டு. தலமரத்தின் மீது அன்பு கொண்டே அதற்குத் தீங்கு செய்துவிடும் வழக்கங்கள் சில நாளடைவில் பரவியுள்ளன. அடிமரத்தின் அருகிலேயே கற்பூரம் ஏற்றுவதால் பட்டை கருகி, அந்தப் புண்ணின் வழியே பூஞ்சையும் கரையானும் உட்புகுகின்றன. வேரின் மீது ஊற்றப்படும் எண்ணெய் மண்ணின் துளைகளை அடைத்துவிடுகிறது. தொட்டில் கட்டும் நைலான் கயிறு, கிளை பருக்கப் பருக்க அதனை இறுக்கி அறுக்கிறது. வேண்டுதல் பலகைகளை ஆணி அடித்து மாட்டுவதும் உண்டு.

எல்லாவற்றினும் பெரிய தீங்கு, திருப்பணி என்ற பெயரில் மரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் இட்டு, கிரானைட் பதித்து மேடை கட்டுவது. வேரும் மூச்சு விடுகிறது. அதற்குக் காற்றும் மழைநீரும் மண் வழியாகத்தான் செல்ல வேண்டும். அடிமரம் வரை தளத்தை நெருக்கிப் போட்டால் மரம் உடனே சாய்ந்துவிடுவதில்லை. ஐந்து, பத்து ஆண்டுகள் கழித்து மேல்கிளை காய்ந்து, பிறகு ஒரு புயலில் விழுகிறது. தளம் போட்ட உபயதாரருக்கும் விழுந்த மரத்துக்கும் உள்ள தொடர்பு அப்போது யாருக்கும் நினைவிருப்பதில்லை.

விளக்கை நாலடி தள்ளி ஒரு கல்மேடையில் ஏற்றலாம். மஞ்சள் கயிற்றைப் பருத்தி நூலில் கட்டி, ஆண்டுக்கு ஒருமுறை அவிழ்த்துவிடலாம். எண்ணெய்க்கும் பாலுக்கும் பதிலாக ஒரு செம்பு தூய நீர் ஊற்றலாம். தலமரத்துக்கு நீரே சிறந்த அபிஷேகம். அதிலும் நாவலுக்கு நீரைவிட இனியது வேறில்லை. மேடை கட்டியே ஆக வேண்டுமானால் நடுவில் அகன்ற மண்பரப்பை விட்டுக் கட்டச் சொல்லலாம். கோயில் கூட்டத்தில் இதனை எடுத்துச் சொல்ல இளையோர் தயங்கலாம். ஊரில் மதிக்கப்படும் பெரியவர் ஒருவர் சொன்னால் மறுப்பவர் குறைவு. உழவாரப்படை ஏந்தி நடக்க முழங்கால் இடம் தராத அன்பர்களுக்கு, நாவால் செய்யும் இந்தத் தொண்டு எஞ்சியிருக்கிறது.

வில்லியனூர்த் திருக்காமீஸ்வரரையும் பாகூர் மூலநாதரையும் வணங்கி வாழும் வட்டாரம் இது. கரிக்கலாம்பாக்கத்தைச் சூழ்ந்த வயல்களுக்கும் நீர்நிலைகளுக்கும் நாவல் அயலான மரமன்று. மண்ணும் மழையும் அப்படியே இருக்கின்றன. ஊன்றும் கைதான் வேண்டும். இந்த ஆடி வெள்ளிக்கிழமைகளில் அம்மன் கோயிலுக்குச் செல்லும் வழியில் நாவற்பழம் வாங்கும் குடும்பங்கள், உண்டபின் கொட்டையைக் குப்பையில் எறியாமல் கழுவி, ஐந்தையாவது மண்ணில் ஊன்றலாம். பேரப் பிள்ளைகளையே ஊன்றச் சொல்லி, நீர் ஊற்றும் முறையை அவர்களுக்கு விடலாம். ஐந்தில் இரண்டு முளைத்தாலும் ஒன்று வீட்டுக்கு, மற்றொன்று ஊர்க்கோயிலுக்கு.

ஆனைக்கா அண்ணல் அருளால் நாவல் தழைக்கட்டும்; நாடு செழிக்கட்டும்.